எஸ்டிக்யூ படிவம்: 25 வரிகளும், யாரும் திருப்பிப் பார்க்காத பின்பக்கமும்

பிள்ளைகளின் மனநலத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஒரு பள்ளி முடிவெடுத்தால், அடுத்த கூட்டத்துக்குள் யாராவது ஒருவர் எஸ்டிக்யூ படிவத்தை அச்செடுத்துக்கொண்டு வந்துவிடுவார். முழுப்பெயர் ஸ்ட்ரெங்த்ஸ் அண்ட் டிஃபிகல்ட்டீஸ் க்வெஸ்ச்சனேர். பிள்ளையிடம் இருக்கும் நல்ல பக்கங்களையும் அது படும் சிரமங்களையும் சேர்த்தே கேட்கும் படிவம். பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்டார். ஒரே தாள், 25 வரிகள், நிரப்ப ஐந்து நிமிடம். லாப நோக்கமில்லாமல் தாளில் அச்செடுத்துப் பயன்படுத்தக் கட்டணம் கிடையாது. தமிழிலும் இருக்கிறது. இவ்வளவு எளிதாகக் கிடைப்பதால் கூடவே வரும் வழிமுறைத் தாளை யாரும் படிப்பதில்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பள்ளிக்குப் பொருத்தமான கருவி இது. ஆனால் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டி, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் பெயர்களை மட்டும் கூப்பிட்டுப் பேசப் போகிறீர்கள் என்றால் தாளை வீணாக்க வேண்டாம். சிரமம் பிள்ளையின் நாளைக் கெடுக்கிறதா என்று கேட்கும் பின்பக்கத்தோடு சேர்த்து எடுத்து, பிரிவு பிரிவாகப் பார்க்கத் தயார் என்றால் இந்த விலைக்கு, அதாவது விலையே இல்லாததற்கு, இதைவிட நல்லது கிடைப்பது கடினம்.

தாளில் என்ன இருக்கிறது

25 வரிகளும் ஐந்து ஐந்தாக ஐந்து பிரிவுகளில் அடங்கும். மனவுணர்வுச் சிரமங்கள், நடத்தைச் சிக்கல்கள், துறுதுறுப்பும் கவனச்சிதறலும், சக மாணவர்களோடு உள்ள உறவு, கடைசியாகப் பிறருக்கு உதவும் குணம். தாளில் இவை பிரிவுவாரியாக அடுக்கப்படாமல் கலந்து வரும். ஒவ்வொரு வரிக்கும் மூன்றே பதில்: பொருந்தாது, ஓரளவு பொருந்தும், நிச்சயம் பொருந்தும். வழக்கமாக இவற்றுக்கு 0, 1, 2 மதிப்பெண். ஆக ஒவ்வொரு பிரிவும் 0 முதல் 10 வரை போகும்.

பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, 11 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தாங்களே நிரப்ப ஒன்று என்று மூன்று வடிவங்கள். பெற்றோர், ஆசிரியர் படிவங்களில் 2 முதல் 4 வயதுக்குத் தனித் தாள் உண்டு. பொய், திருட்டு பற்றிய வரிகளை அந்த வயதுக்குப் பொருந்தும்படி மாற்றியிருக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தை அடுத்தவர் பொம்மையை எடுத்து வருவதைத் திருட்டு என்று யாரும் எழுதக் கூடாதே.

கேட்பது கடந்த ஆறு மாதத்தைப் பற்றி, அல்லது ஆசிரியர் படிவத்தில் இந்தக் கல்வியாண்டைப் பற்றி. புது வகுப்பு தொடங்கி இரண்டு வாரத்தில் படிவத்தை நீட்டினால் ஆசிரியர் தன் ஊகத்தைத்தான் நிரப்புவார். குறைந்தது ஒரு பருவம் முடியட்டும். தேர்வு வாரத்தில் எடுக்க வேண்டாம். அந்த வாரத்தில் தலைவலி, வயிற்றுவலி, கவலை எல்லாம் எல்லோருக்கும்தான் இருக்கும்.

கூட்டுவதில் நடக்கும் விபத்து

அதிகம் நடக்கும் தவறு இது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

7, 11, 14, 21, 25 ஆகிய ஐந்து வரிகளும் தலைகீழாக மதிப்பிட வேண்டியவை. சொன்ன பேச்சைக் கேட்பது, ஒரு நல்ல நண்பராவது இருப்பது, மற்ற பிள்ளைகளுக்குப் பிடித்திருப்பது, யோசித்துச் செய்வது, எடுத்த வேலையை முடிப்பது என்று நல்ல விஷயங்களைச் சொல்லும் வரிகள் அவை. இவற்றுக்கு ‘நிச்சயம் பொருந்தும்’ என்றால் 0, ‘பொருந்தாது’ என்றால் 2. கேள்வியைப் படிக்காமல் ஒரே பக்கமாக டிக் அடித்துக்கொண்டே போகிறவரையும் இந்த வரிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று: 1, 4, 9, 17, 20 ஆகிய வரிகள் உதவும் குணத்தைப் பற்றியவை. இவை மொத்தத்தில் சேராது. ‘மொத்தச் சிரமம்’ என்பது மற்ற நான்கு பிரிவுகளின் கூட்டுத்தொகை மட்டும், 0 முதல் 40 வரை.

இரண்டையும் மறந்துவிட்டு 25 வரிகளையும் அப்படியே கூட்டினால் என்ன ஆகும்? எந்தச் சிக்கலும் இல்லாத, எல்லோருக்கும் உதவுகிற, நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்ப வேண்டிய ஐந்து வரியையும் திருப்பாததால் 10. உதவும் குணத்தைச் சேர்த்ததால் இன்னொரு 10. மொத்தம் 20. ஆசிரியர் படிவத்தில் ‘கவலைக்குரியது’ என்ற கடைசிப் படி 16-லேயே தொடங்கிவிடும். வகுப்பிலேயே ஆரோக்கியமான பிள்ளை கவலைக்குரியவர்கள் பட்டியலில் முதலில் நிற்கும். மேசைக்கு வந்த முடிவுகளில் நல்ல பிள்ளைகளாகவே இருந்தால், பிள்ளைகளைக் கூப்பிடும் முன் கூட்டியவரைக் கூப்பிடுங்கள்.

விடுபட்ட வரிகளுக்கும் விதி இருக்கிறது. ஒரு பிரிவில் ஐந்தில் மூன்று வரியாவது நிரப்பியிருந்தால் அவற்றின் சராசரியை ஐந்தால் பெருக்கி முழு எண்ணாக்கிக் கொள்ளலாம். மூன்றுக்கும் குறைவு என்றால் அந்தப் பிரிவுக்கு மதிப்பெண்ணே கிடையாது. விடுபட்ட இடத்தில் 0 போடுவது தவறு; அது ‘சிக்கல் இல்லை’ என்று சொன்னதாகிவிடும்.

படிகளும் ஆளுக்கு ஆள் மாறும். பழைய மூன்று படிப் பட்டியலில் பெற்றோர் படிவத்துக்கு 0–13 வழக்கமானது, 14–16 எல்லையில், 17 முதல் மேலே கவலைக்குரியது. ஆசிரியர் படிவத்துக்கு 0–11, 12–15, 16 முதல் மேலே. பிள்ளைகள் தாங்களே நிரப்பியதற்கு 0–15, 16–19, 20 முதல் மேலே. 16 என்ற ஒரே எண் ஆசிரியர் எழுதினால் கடைசிப் படி, அம்மா எழுதினாலும் பிள்ளையே எழுதினாலும் நடுப்படி. ஒரே எக்செல் தாளில் ஒரே வரம்பை மூன்றுக்கும் இழுத்துவிடுவது வழக்கமான பிழை.

இந்த வரம்புகள் எங்கிருந்து வந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பிள்ளைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் முதல் படியிலும், 10 சதவீதம் நடுவிலும், 10 சதவீதம் மேலேயும் விழும்படி வகுக்கப்பட்டவை அவை. வேறு இடத்துப் பிள்ளைகள் அதே விகிதத்தில் விழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் பள்ளியில் கால்வாசிப் பேர் மேல்படியில் வந்தால் கால்வாசிப் பேருக்கு மனநோய் என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். கூட்டல் சரியா, மொழிபெயர்ப்பு புரிந்ததா, எந்த வாரத்தில் எடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். பிறகு வந்த நான்கு படிப் பட்டியலில் ‘அசாதாரணம்’ என்ற பழைய சொல்லை விட்டுவிட்டு, சராசரிக்கு அருகில், சற்றே கூடுதல், அதிகம், மிக அதிகம் என்று மாற்றினார்கள். அதையே பயன்படுத்துவது நல்லது. அந்தப் பழைய சொல் ஒரு தாயின் கையில் தாளாகப் போய்ச் சேர்ந்தால் அடுத்த பத்து நிமிடம் நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது.

மொத்த மதிப்பெண் மறைக்கும் பிள்ளை

ஒரு கணக்குக்காக ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர் படிவங்களை வைத்துக்கொள்வோம்.

முதல் படிவம் மூன்றாவது வரிசையில் உட்காரும் ஒரு மாணவிக்கு. மனவுணர்வு 6, நடத்தை 0, துறுதுறுப்பு 1, சக மாணவர் உறவு 2. மொத்தம் 9. இரண்டாவது படிவம் எழுந்து எழுந்து உட்காரும் ஒரு மாணவனுக்கு. மனவுணர்வு 0, நடத்தை 3, துறுதுறுப்பு 8, சக மாணவர் உறவு 1. மொத்தம் 12.

மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர் பையனைக் கூப்பிடுவார். அவன் எல்லைப் படியில் இருக்கிறான். பெண் ‘வழக்கமானது’ என்று ஒதுங்கிவிடுவாள். ஆனால் ஆசிரியர் படிவத்தில் மனவுணர்வுப் பிரிவுக்கு 6 என்பதே கடைசிப் படியின் தொடக்கம். அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று சொல்வது, எப்போதும் ஏதோ ஒரு கவலை, அழும் நிலையில் இருப்பது, புது இடத்தில் பதற்றம் ஆகியவைதான் அந்த ஆறு மதிப்பெண்ணுக்குள் இருப்பவை. வகுப்புக்குத் தொந்தரவு கொடுக்காத பிள்ளை என்பதால் மற்ற மூன்று பிரிவுகளும் அவளுடைய எண்ணைக் கீழே இழுத்துவிட்டன.

படிவத்தைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் தாக்கத்தைக் கேட்கும் துணைப்பகுதி இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு மனவுணர்வு, கவனம், நடத்தை, மற்றவரோடு பழகுவது ஆகியவற்றில் சிரமம் இருப்பதாக நினைக்கிறீர்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்றால் அதோடு முடிந்தது. ஆம் என்றால் எவ்வளவு நாளாக, பிள்ளைக்கு அது வேதனையாக இருக்கிறதா, நட்பைக் கெடுக்கிறதா, வகுப்பில் கற்பதைக் கெடுக்கிறதா என்று தொடரும். பெற்றோர் படிவத்தில் வீட்டு வாழ்க்கையும் ஓய்வு நேரமும் கூடுதலாக வரும். பதில்களில் ‘இல்லவே இல்லை’, ‘கொஞ்சம்தான்’ இரண்டுக்கும் 0. அதற்கு அடுத்த அளவுக்கு 1, ‘மிக அதிகம்’ என்றால் 2. ஆசிரியர் படிவத்தில் மூன்று கேள்விகள்தான் எண்ணப்படும், ஆக 0 முதல் 6. பெற்றோர் படிவத்தில் ஐந்து கேள்விகள், 0 முதல் 10. எத்தனை நாளாக என்பதும், உங்களுக்கு இது சுமையாக இருக்கிறதா என்பதும் கேட்கப்படும், ஆனால் கூட்டலில் சேராது. இந்தத் தாக்கப் பகுதியின் மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய பிள்ளை.

அந்தப் பெண்ணுக்கு இங்கே 2 வருகிறது, பையனுக்கு 0 என்று வையுங்கள். துறுதுறுவென்று இருக்கிறான், ஆனால் நண்பர்கள் இருக்கிறார்கள், பாடம் ஏறுகிறது, அவனுக்கு அது வேதனையாகவும் இல்லை. ஆலோசகரிடம் ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அது யாருக்குப் போக வேண்டும் என்பதில் இப்போது சந்தேகம் இருக்காது.

பல பள்ளிகள் காகிதம் மிச்சம் என்று இந்தப் பின்பக்கத்தை அச்சிடுவதே இல்லை. முன்பக்கம் அறிகுறிகளை எண்ணுகிறது. அந்த அறிகுறி பிள்ளையின் நாளைக் கெடுக்கிறதா என்று கேட்பது பின்பக்கம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் பின்பக்கத்தை வைத்துக்கொள்வதே மேல்.

எவ்வளவு நம்பலாம்

2000-இல் குட்மனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 5 முதல் 15 வயது வரை 7,984 பிரிட்டிஷ் பிள்ளைகள். பெற்றோர், ஆசிரியர், பெரிய பிள்ளைகள் என்று எல்லோருடைய படிவங்களையும், தாக்கப் பகுதியையும் சேர்த்துக் கணித்தபோது, மனநலக் கோளாறு உள்ளவர்களில் 63.3 சதவீதம் பேரைப் படிவம் பிடித்தது. கோளாறு இல்லாதவர்களில் 94.6 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிட்டது.

இதைப் பள்ளிக் கணக்காக மாற்றிப் பாருங்கள். ஆயிரம் பிள்ளைகள், அதில் நூறு பேருக்கு உண்மையிலேயே கோளாறு என்று வைத்துக்கொண்டால், 63 பேர் பிடிபடுவார்கள், 37 பேர் தப்பிவிடுவார்கள். மீதி 900 பேரில் 49 பேர் தேவையில்லாமல் பட்டியலுக்குள் வருவார்கள். ஆக உங்கள் மேசைக்கு வரும் 112 பெயர்களில் ஏறக்குறைய பாதிக்கு மேல்தான் நிஜம். இது மூன்று தரப்பும் நிரப்பிய நல்ல நிலைமை. ஒருவர் மட்டும் நிரப்பினால் பிடிபடுவோர் எண்ணிக்கை இன்னும் குறையும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

எது தப்புகிறது என்பதும் அதில் வந்தது. நடத்தைக் கோளாறு, அதீதத் துறுதுறுப்பு, மனச்சோர்வு, சில வகைப் பதற்றக் கோளாறுகள் ஆகியவற்றில் 70 சதவீதத்துக்கு மேல் பிடிபட்டன. குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு மட்டும் ஏற்படும் அச்சம், பெற்றோரைப் பிரிவதில் வரும் பதற்றம், உணவுக் கோளாறுகள் ஆகியவற்றில் பாதி கூடப் பிடிபடவில்லை. ஆச்சரியமில்லை, சாப்பாட்டைப் பற்றி 25 வரியில் ஒரு வரி கூட இல்லை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, சாக வேண்டும் என்ற எண்ணம், தூக்கம், பார்த்த அல்லது அனுபவித்த வன்முறை ஆகியவையும் இதில் இல்லை. ‘எஸ்டிக்யூவில் ஒன்றும் வரவில்லையே’ என்று யாரும் இந்த விஷயங்களில் நிம்மதி அடையக் கூடாது.

2001-இல் வந்த இன்னொரு ஆய்வில், 10,438 பிள்ளைகளை வைத்து, வெவ்வேறு ஆட்கள் ஒரே பிள்ளையைப் பற்றி எழுதியது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். சராசரித் தொடர்பெண் 0.34 மட்டும். முழுக்க ஒத்துப்போனால் 1 என்பதை நினைவில் வையுங்கள். அம்மா ஒன்று சொல்கிறார், ஆசிரியர் வேறு சொல்கிறார் என்றால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. வகுப்பில் கை தூக்காத பிள்ளை வீட்டில் வாய் ஓயாமல் பேசும். அந்த வித்தியாசத்தைச் சராசரி எடுத்து அழித்துவிடாதீர்கள். சிரமம் எந்த இடத்தில் வருகிறது என்பதை அது நேராகக் காட்டுகிறது. வீட்டில் 5, பள்ளியில் 18 என்றால் முதலில் பார்க்க வேண்டியது வகுப்பறையை, பேருந்தை, இடைவேளையை.

நிரப்ப வைக்கும் நாள்

ஆசிரியருக்கு ஒரு படிவம் ஐந்து நிமிடம் என்றால் நாற்பது பிள்ளைகளுக்கு 200 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கும் மேல். இதை ஒரே மாலையில் முடிக்கச் சொன்னால் முதல் பத்துப் படிவம் கவனமாகவும், கடைசிப் பத்து கண்ணை மூடிக்கொண்டும் வரும். ‘நல்ல பையன்’ என்று மனதில் இருப்பவனுக்கு 25 வரியும் நல்லதாகவே விழும். நாளுக்கு எட்டு என்று ஒரு வாரம் கொடுங்கள். வருகைப் பதிவேட்டு வரிசையில் போகாமல் கலந்து கொடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் கடைசியில் வருகிற பெயர்களுக்குத்தான் களைத்த கை.

பிள்ளைகள் தாங்களே நிரப்பும் நாளில் இடைவெளிதான் முக்கியம். மற்ற பிள்ளைகள் தன்னைச் சீண்டுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்ற பொருளில் 19-ஆவது வரி வரும். சீண்டுகிறவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வரியில் உண்மை விழாது. தேர்வுக்கு உட்கார்த்துவது போல் தள்ளி உட்கார வையுங்கள். எல்லோரும் முடிக்கும் வரை யாரும் எழுந்து போக வேண்டாம்; முதலில் முடித்தவன் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே போவான். வாசிப்பில் தடுமாறும் பிள்ளை இருந்தால், அதை மட்டும் தனியே கூப்பிட்டு அவமானப்படுத்தாமல் வகுப்பு முழுவதற்கும் ஒவ்வொரு வரியாக ஒருவர் வாசித்துவிடலாம். விளக்கம் சொல்லப் போனால் வாசிப்பவருடைய கருத்து உள்ளே வந்துவிடும், வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இரண்டு வாக்கியம்: ‘நீங்கள் எழுதுவதை வகுப்பு ஆசிரியரோ நண்பர்களோ பார்க்க மாட்டார்கள். ஆனால் யாருக்காவது ஆபத்து இருப்பது போலத் தெரிந்தால் உங்களிடம் பேசிவிட்டு உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வோம்.’ இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டு முழு ரகசியம் என்று வாக்குக் கொடுத்தால் அதை உடைக்க வேண்டிய நாள் வந்தே தீரும்.

25 வரிக்குக் கீழே ‘வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா’ என்று ஒரு வெற்றிடம் இருக்கிறது. மதிப்பெண் கூட்டுகிறவர் கண்ணில் அது படவே படாது, ஏனென்றால் அதற்கு எண் கிடையாது. படிவம் கேட்காத எல்லாம் அந்த இடத்தில்தான் வரும். அதனால் கூட்டல் அடுத்த வாரம் நடந்தாலும் பரவாயில்லை, அந்த வெற்றிடங்களை மட்டும் அன்று மாலை பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒருவர் படித்து முடிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து தொனிக்கும் ஒரு வரி இருந்தால் அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், பயிற்சி பெற்ற ஒருவர் அன்றே பேசி, வீட்டாரிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். வீட்டிலேயே ஆபத்து என்று எழுதியிருந்தால் மட்டும் வீட்டைக் கூப்பிடும் முன் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்ய ஆள் இல்லாத நாளில் படிவத்தைக் கொடுக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் எடுப்பது மிக மோசமான தேர்வு.

படிவத்தின் சொற்களை மாற்றுவதற்கும், வரிகளைக் குறைப்பதற்கும், கூகுள் ஃபார்ம் போலச் சொந்தமாக மின்வடிவம் செய்வதற்கும் அனுமதி கிடையாது. பதிப்புரிமை யூத்இன்மைண்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. கணினி வழி வேண்டுமானால் அவர்களிடம் உரிமம் பெற வேண்டும். இது வெறும் சட்டச் சிக்கல் மட்டும் இல்லை. ஒரு வரியை ‘நம் பிள்ளைகளுக்குப் புரியட்டும்’ என்று மாற்றிவிட்டால் வரம்பு எண்கள் எதுவும் அந்த வரிக்குப் பொருந்தாது.

பட்டியல் வந்த பிறகு

600 பிள்ளைகள் உள்ள பள்ளியில் மேல்படியில் பத்தில் ஒருவர் என்றால் 60 பேர். ஒருவருக்கு 45 நிமிடம் என்று முதல் பேச்சுக்கு மட்டும் 45 மணி நேரம். ஒரே ஆலோசகர், வாரத்துக்குப் பத்து மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியும் என்றால் கடைசிப் பிள்ளை ஐந்தாவது வாரத்தில்தான் கதவைத் தட்டும். கேட்டுவிட்டு ஒரு மாதம் பதில் சொல்லாமல் இருப்பது கேட்காமல் இருந்ததைவிட மோசம். அதனால் பள்ளி முழுவதற்கும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். மாதத்துக்கு இரண்டு வகுப்பு போதும். எத்தனை பேரைக் கூப்பிட முடியும் என்பதை முதலில் எண்ணிவிட்டு, அதற்கேற்ப அச்செடுங்கள்.

பிறகு ஒவ்வொரு பெயருக்கும் கிடைத்த தாள்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மொத்தம் எவ்வளவு என்று தொடங்காமல், முதலில் தாக்கம், அடுத்து எந்தப் பிரிவு உயர்ந்திருக்கிறது, அடுத்து எந்த வரிகளில் ‘நிச்சயம் பொருந்தும்’ விழுந்திருக்கிறது என்று போங்கள். சக மாணவர் உறவுப் பிரிவை மட்டும் சற்று சந்தேகத்தோடு படிக்கவும். தனியே விளையாட விரும்புவது, மற்ற பிள்ளைகளைவிடப் பெரியவர்களோடு நன்றாகப் பழகுவது போன்றவை எல்லா இடத்திலும் சிரமத்தின் அடையாளம் ஆகாது. ஐந்து பிரிவுகளில், தன் வரிகளே ஒன்றோடொன்று சரியாக ஒத்துப்போகாமல் நிற்பதும் இதுவே. கோளாறுக்கான அபாயம் குறைவான பொதுவான மாணவர் கூட்டத்தில் மனவுணர்வையும் சக மாணவர் உறவையும் ஒன்றாகவும், நடத்தையையும் துறுதுறுப்பையும் இன்னொன்றாகவும் சேர்த்து, ஒவ்வொன்றும் 0 முதல் 20 வரை போகும் இரண்டே பிரிவாகப் பார்ப்பது நல்லது என்று 2010-இல் பரிந்துரைத்தார்கள். பள்ளிகளுக்கு அது பொருந்தும்.

பெற்றோரைக் கூப்பிடும்போது எண்ணில் ஆரம்பிக்க வேண்டாம். ‘உங்கள் மகளுக்கு மனவுணர்வில் 6 வந்திருக்கிறது’ என்றால் பத்துக்கு ஆறு, பரவாயில்லை என்றுகூட நினைத்துவிடுவார்கள். ‘இந்தப் பருவத்தில் அவள் ஏழெட்டு முறை வயிறு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள், வீட்டில் எப்படி இருக்கிறாள்?’ என்று கேளுங்கள். அந்த வயிற்றுவலிக்கு வேறு காரணம் இருக்கலாம். மருத்துவரைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மனக்கவலை என்று எழுதிவிடக் கூடாது.

படிவங்கள் மாணவர் கோப்பில் மதிப்பெண் பட்டியலோடு போகக் கூடாது. பெயருக்குப் பதில் எண், எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு வேறொரு பூட்டிய இடத்தில். ஆசிரியர் அறையின் பொது அலமாரி பூட்டிய இடம் ஆகாது. சேர்க்கைக்கோ, வகுப்புப் பிரிக்கவோ, ஆசிரியரின் திறனை எடை போடவோ இந்த எண்களைத் தொட்டால் அடுத்த ஆண்டு எல்லாப் படிவமும் 0 என்றே வரும்.

மற்றவற்றோடு பார்த்தால்

சிபிசிஎல், அதாவது சைல்ட் பிஹேவியர் செக்லிஸ்ட் என்ற 120 வரிக்கு நெருங்கும் படிவம், இதைவிட விரிவானது. ஆனால் விலை கொடுக்க வேண்டும், ஒரு வகுப்புக்கே அதை நிரப்ப வைப்பது நடக்காத காரியம். 1999-இல் இரண்டையும் ஒப்பிட்டபோது கவலை, சோர்வு போன்ற உள்ளடங்கிய சிக்கல்களிலும் நடத்தையில் வெளிப்படும் சிக்கல்களிலும் எஸ்டிக்யூ பின்தங்கவில்லை. கவனச்சிதறலில் முந்திக்கூடச் சென்றது. பதற்றம், மனச்சோர்வு இரண்டை மட்டும் ஆழமாகப் பார்க்க ஆர்கேட்ஸ் என்ற 47 வரிப் படிவம் மேல். எஸ்டிக்யூவில் மனவுணர்வுப் பிரிவு உயர்ந்த பிள்ளைக்கு மட்டும் அடுத்த படியாக அதைக் கொடுப்பது நல்ல சேர்க்கை.

உதவி பலித்ததா என்று பார்க்க

தொடர் கவனிப்புக்கு வேறு தாள் இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பதிலாகக் கடந்த ஒரு மாதத்தைக் கேட்கும். சிரமங்கள் கூடியதா குறைந்ததா, கிடைத்த உதவி வேறு வகையில் பயன்பட்டதா என்று இரண்டு கேள்விகள் அதிகம். பழைய தாளையே இரண்டு மாதத்தில் மறுபடி கொடுத்தால் அது கேட்கும் ஆறு மாதக் கணக்கில் பழைய கஷ்டங்களும் சேர்ந்துவிடும், மாற்றம் தெரியாது.

இரண்டாவது எண் குறைந்துவிட்டது என்று பள்ளி மகிழ்வதற்கு முன் ஒரு கணக்கு. மோசமான நேரத்தில் அளந்த பிள்ளை, எதுவும் செய்யாமல் விட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அந்த இயல்பான இறக்கத்தைக் கழிக்க 2009-இல் ஒரு சூத்திரம் வந்தது. மேல்படியில் இருக்கும் பிள்ளைகளுக்கு, பெற்றோர் படிவத்தில், 4 முதல் 8 மாத இடைவெளியில் பொருந்தும். முதல் மொத்தத்தை 0.8-ஆல் பெருக்கி, முதல் தாக்கத்தை 0.2-ஆல் பெருக்கிக் கூட்டி, 2.3 சேர்த்து, முதல் மனவுணர்வு எண்ணை 0.3-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். உதவி இல்லாமலே எதிர்பார்க்கக்கூடிய இரண்டாவது மொத்தம் அது. முதலில் மொத்தம் 20, தாக்கம் 4, மனவுணர்வு 6 என்றால்: 16, அதோடு 0.8, அதோடு 2.3, அதில் 1.8 கழிய 17.3. ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை 17-க்கு வந்தால் தாளில் மூன்று குறைந்தது போலத் தெரியும். திட்டத்தின் கணக்கில் சேர்வது 0.3. ஒரு பிள்ளைக்கு இந்த எண் ஆடிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், முப்பது நாற்பது பிள்ளைகளின் சராசரியாக மட்டும் இதைப் படியுங்கள்.